யானைப் படம் போட்ட ரப்பர்

எனக்குக் கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் பள்ளிக்கூடத்தில் என் பெயர் சிந்துஜா இல்லை, ஜேசிபி. மண் அள்ளுகிற வண்டியின் முன்வாய் எப்படி இருக்குமோ அப்படித்தான் என் வாயும் என்று எவனோ கண்டுபிடிக்க, வகுப்பு முழுக்க அதையே பிடித்துக்கொள்ள, வாத்தியாரும் ஒரு நாள் வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட, நான் பத்தாவது பரீட்சைக்கு முன்னாடியே பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, கணக்கும் எனக்கு வரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. என் மேல்தாடையை முன்னால் இழுப்பதற்கு டாக்டர் ரப்பர் மாட்டிவிட்ட அன்றைக்கு, மூன்று தெரு தள்ளி, காஜா பாய் ஹோட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்த என் தாய்மாமன் இருளப்பன் தானாக முன்னால் நகர்ந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

டாக்டரம்மா இருப்பது டவுனில். என் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "எல்லாரும் கீழ்த்தாடை நீண்டுருச்சுன்னுதான் நினைப்பாங்க. இவளுக்கு மேல்தாடைதான் வளராம பின்னாடியே நின்னுருச்சு. அதை முன்னாடி இழுக்கணும். எட்டு வயசுல கூட்டிட்டு வந்திருந்தா சுலபம், இப்பவே லேட்டு. இன்னும் கொஞ்ச நாள்தான் எலும்பு நம்ம பேச்சைக் கேக்கும். விட்டுட்டா, பதினெட்டு வயசுக்கு மேல தாடையை அறுத்து வெக்கிற ஆபரேஷன்தான்" என்றார். அறுத்து என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்தாள். நான் பிடிக்கவிடவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது, ஒரு கொய்யாக்காயை எல்லோரையும்போல முன்பல்லால் கடிக்க வேண்டும், கடித்த இடத்தில் பல் பதிந்திருப்பதைப் பார்க்க வேண்டும்.

மாட்டிவிட்ட சாமான் வெல்டிங் பட்டறையில் செய்தது போல இருந்தது. நெற்றியில் ஒரு திண்டு, முகவாயில் ஒரு திண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி. மேல்பல்லில் ஒட்டிவைத்த கொக்கியிலிருந்து அந்தக் கம்பிக்கு இரண்டு பக்கமும் ரப்பர். ஒரு நாளில் பாதிக்கு மேல் அது முகத்தில் இருக்க வேண்டும், சாப்பிடும்போது கழற்றலாம். ரப்பர் வருகிற பாக்கெட்டில் மிருகப் படம் போட்டிருக்கும். முதலில் முயல், அது லேசான இழுவை. அப்புறம் நரி. அப்புறம் யானை. "யானை வர்றப்போ பாருங்க, தாடை நகர்றது கண்ணுக்கே தெரியும்" என்று டாக்டரம்மா சிரித்தார். தாடையோடு வேறு எதுவும் நகரும் என்று அவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து முயல் ரப்பரை மாட்டிக்கொண்டு தெருவாசலைப் பார்த்து உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் காஜா பாயிடமிருந்து அம்மாவுக்குப் போன். "தங்கச்சி, உன் தம்பி கல்லு மேலயே சாயுறான். கை பொசுங்கிப்போச்சு. கேட்டா அரணாக்கயித்துல கொக்கி போட்டு யாரோ இழுக்குறாப்புல இருக்குன்னு சொல்றான். குடிச்சிருக்கானான்னு ஊதச் சொல்லிப் பாத்துட்டேன், இல்ல." நான் சாப்பிடக் கழற்றினேன், மாமா நின்றார். திரும்ப மாட்டினேன், திரும்ப நகர்கிறான் என்று காஜா பாய் போனில் கத்தினார். அம்மா அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கு மேல்பல்தான் முதலில் முளைத்ததாம். அம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி. யாருக்கும் தெரியக் கூடாது என்று, கீழ்ப்பல் வருகிற வரைக்கும், யார் வந்து என்னைத் தூக்கினாலும் என் வாயில் பால் பாட்டிலைத் திணித்திருக்கிறாள், சிரிக்கவிட்டதில்லை, அழுதாலும் வாயைப் பொத்தியிருக்கிறாள், கடைசியில் கீழ்ப்பல்தான் முதலில் வந்தது என்று தெருவுக்கே கற்கண்டு கொடுத்திருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து அதை வாய்விட்டுச் சொன்னபோது எதிர்வீட்டுப் பேச்சியக்கா, "அப்பவே நினைச்சேன். எந்நேரமும் பிள்ளை வாயில பாட்டிலு, எவளாச்சும் அப்படி வளப்பாளா" என்றாள். அவள் எதையும் அப்பவே நினைத்திருப்பாள்.

மாமா போவது என் முகம் போகிற திசையில். நான் வடக்கே பார்த்தால் வடக்கே, கிழக்கே பார்த்தால் கிழக்கே, எங்கே இருந்தாலும். முதல் ராத்திரி நான் மல்லாக்கப் படுத்துத் தூங்கிவிட, மாமா கட்டிலை விட்டுக் கிளம்பி ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மூக்கு இடிக்கத் தொங்கியிருக்கிறார். காலையில் வந்து, "கூரையில எவ்ளோ ஒட்டடை தெரியுமா, நான் மட்டும் பாக்கலைன்னா யாருமே பாத்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் ராத்திரி ரப்பரைக் கழற்றிவைத்தேன், பகல் முழுக்க மாட்டிக்கொண்டேன். பகலில் காக்கா கத்தினால் நிமிரக் கூடாது, கீழே காசு விழுந்தால் குனியக் கூடாது, யாராவது பின்னாலிருந்து சிந்து என்று கூப்பிட்டால் திரும்பக் கூடாது. திரும்பினால் மூன்று தெரு தள்ளி ஒரு மனுஷன் சுவரில் போய் மோதுவான். இதை மனசில் வைத்துக்கொண்டு ஒரு ஈயை விரட்டிப் பாருங்கள், அப்போது தெரியும்.

ஊர் இதற்குப் பழகிய வேகம்தான் எனக்கு இன்னும் புரியவில்லை. முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் யோசனை சொன்னார்கள், அதற்கப்புறம் வேலை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். காஜா பாய் பரோட்டாக் கல்லைச் சுவர்ப்பக்கம் மாற்றிப் போட்டு, மாமா கல்லுக்கு மேற்கே நிற்கிற மாதிரி செய்து, ஆடு கட்டுகிற கயிற்றால் அவர் இடுப்பைத் தூணில் கட்டினார். எங்கள் வீட்டில் என் நாற்காலியை மேற்கே பார்க்க வைத்து அதன் காலைத் தரையோடு சிமென்ட் போட்டுப் பூசினார்கள், இழுவை மாமாவைக் கல்லிலிருந்து விலக்கி இழுக்க வேண்டுமே. கவுன்சிலர் வந்து போனில் திசை பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். டவுன் பஸ் டிரைவர்கள் ஹோட்டல் பக்கம் வரும்போது ஹாரன் அடித்து, "மாஸ்டர் நிக்கிறாரா, நகர்றாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் திருப்பினார்கள். நரி ரப்பர் வந்த பிறகு இழுவை கூடியது, மாமா இடுப்பில் தண்ணீர் வண்டியைக் கட்டிவிட்டு, "சிந்து, கொஞ்சம் தெற்கால பாருத்தா, குழாயடி வரைக்கும்தான்" என்று வாசலில் வந்து நின்றார்கள். நான் முடியாது என்று கத்தினால், "உங்க மாமனுக்கே கஷ்டமில்ல, உனக்கென்ன வலிக்குது" என்பார்கள்.  மாமாவும் வண்டியில் பூட்டிய மாடு போல, சிரித்துக்கொண்டே முன்னால் போவார்.

எனக்கு மட்டும் பயம் குறையவே இல்லை. ஏனென்றால் டிராயரில் யானை இருந்தது.

யானை ரப்பரை மாட்டிய அன்று காஜா பாய் ஹோட்டல் தூண் சாய்ந்தது. கயிறு அறுந்துபோகவில்லை, முடிச்சு அவிழவில்லை, தூண் அடியோடு பெயர்ந்து, அதில் கட்டியிருந்த மாமாவோடு சேர்ந்து மேற்கே போனது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வழிவிட்டார்கள். நல்லவேளை, எனக்கு மூக்கு அரித்ததால் அந்த நேரம் கழற்றினேன். இல்லாவிட்டால் அடுத்தது நாலுவழிச் சாலை. அன்று சாயங்காலம் மாமா இடுப்பைப் பார்த்தேன், கயிறு வெட்டிய இடம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. டாக்டரம்மாவிடம் போய், நரிக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டேன், காரணம் சொல்லவில்லை. "இப்ப விட்டா வந்த தூரமும் பின்னாடி போயிரும்டா" என்றார்.

அப்போதுதான் பேச்சியக்கா பரிகாரம் கண்டுபிடித்தாள். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிப் பிறந்த பிள்ளையைத் தாய்மாமன் முதலில் நேராகப் பார்க்கக் கூடாது, எண்ணெயில் விழுகிற முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் மாமனுக்கு வருகிறது எண்ணெயோடு போய்விடும். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். "கொடிக்கு ஆகுறது பல்லுக்கு ஆகாதா? அந்தக் கம்பி, ரப்பர் எல்லாத்தோடயும் முகத்தைக் காட்டணும், அப்பத்தான் எதுன்னு எண்ணெய்க்குத் தெரியும்" என்றாள். யாரும் மறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வாசல் மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் வெண்கல உருளியை வைத்து, நல்லெண்ணெயை நிறைய ஊற்றி, என்னை ஒரு பக்கமும் மாமாவை எதிர்ப்பக்கமும் நிற்கவைத்தார்கள். தெருவே நின்றது. காஜா பாய் ஹோட்டலைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மாமா புது வேட்டி கட்டியிருந்தார், மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்று யாரோ கேலி செய்ய, "முப்பத்தெட்டு வயசுல இதுக்காச்சும் கட்டுறேனே" என்றார்.

எண்ணெயில் முகம் தெரிய வேண்டுமென்றால் குனிய வேண்டும். இத்தனை பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

குனிந்தபடியே ரப்பரை மாட்டினேன். எண்ணெயில் கம்பியும் ரப்பரும் என் முகமும் கறுப்பாகத் தெரிந்தன, பக்கத்தில் மாமாவின் முகம் வந்தது, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது, அப்புறம் கீழே போய்விட்டது. நிமிராமல் கண்ணை மட்டும் உயர்த்தினேன். ஈர மண்ணில் கம்பை ஊன்றினால் இறங்குமே அப்படி மாமா இறங்கிக்கொண்டிருந்தார், முழங்கால், தொடை, இடுப்பு, புது வேட்டி சுற்றிலும் பூப்போல விரிந்து அப்புறம் அதுவும் உள்ளே போனது. நெஞ்சு வரைக்கும் போனபோது அவருக்கு மூச்சு வரவில்லை. "கழட்டுடி! கழட்டு!" என்று அம்மா கத்தினாள். கழற்றினால் மண் அவரை அப்படியே நெரித்துப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்தது, அந்த ஒரு நேரம் என் மூளை வேலை செய்தது. கழற்றவில்லை. மெதுவாக முகத்தைத் தூக்கினேன். வானத்தைப் பார்க்கிற வரைக்கும் தூக்கினேன். மாமா வந்தார், மண்ணை உதறிக்கொண்டு வந்தார், நிற்காமல் மேலே போனார். பேச்சியக்கா தலை உயரத்துக்கு அவர் கால் போய்விட்டது, ஒரு காலில் செருப்பு இல்லை, அது இன்னும் எங்கள் வாசலுக்கு அடியில்தான் கிடக்கிறது. ஆளாளுக்குத் தாவி அவர் காலைப் பிடித்துத் தொங்கினார்கள், தொங்கினவர்களும் சேர்ந்து எழும்பினார்கள். இப்போது அம்மா, "கழட்டாத! கழட்டாத!" என்று கத்தினாள். நான் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அவர் பாதம் மண்ணைத் தொட்டது என்று யாரோ சொன்ன பிறகு இரண்டு பக்கமும் பிடுங்கிப் போட்டேன். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

"போதும்" என்றது ஊர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "பொண்ணு பல்லா, ஆம்பளை உசுரா? ஜாக்கெட் தைக்கப் படிச்சிட்டுப் போறா. பல்லு எப்படியிருந்தா என்ன, சோறு உள்ள போகுதுல்ல" என்றார்கள்.  பேச்சியக்கா கம்பியையும் ரப்பர் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்து மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அப்புறம் கண்ணாடியில் பார்த்தேன். மேல்பல் கீழ்ப்பல்லுக்கு மிகப் பக்கத்தில் வந்திருந்தது. அப்போது நிம்மதி போய்விட்டது.

மறுநாள் மாமா வந்தார். சட்டை முழுக்க அரிசித் தவிடு. கம்பியை என் மடியில் போட்டார்.

"பேச்சியக்கா எப்படிக் கொடுத்துச்சு?"

"கொடுக்கல. அது பாத்ரூம் போகாமயா இருக்கும்?"

"எனக்கு வேணாம் மாமா."

"ஏன்?"

"நீங்க செத்துருவீங்க."

மாமா என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். "உங்கம்மா நீ பச்சப்பிள்ளையா இருக்கறப்ப உன் வாயைப் பொத்தி என்னைக் காப்பாத்தியிருக்கா. நீ பேசவே எவ்ளோ லேட்டு தெரியுமா? ஊமைன்னு நினைச்சோம். இப்ப நான் வந்து இன்னொரு தடவை பொத்துன்னு சொல்லவா?" என்றார். அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, கட்டிப்போட்டதுதான் தப்பு. கட்டுனாத்தான் அது இழுக்குது. கூடவே போனா ஒண்ணும் செய்யல, தண்ணி வண்டி இழுக்கறப்ப பாத்தேன். இவ முன்னாடி நடக்கட்டும், நான் பின்னாடியே நடக்குறேன். எங்க மோதப்போறேன்?"

"எவ்ளோ நேரம்டா நடப்ப?" என்றாள் அம்மா.

"பகல் பூரா. பரோட்டாக் கல்லு முன்னாடி நின்னதுக்கு இது காத்தோட்டம்க்கா."

 அம்மா வந்து, நெற்றித் திண்டைத் துடைத்து, என் முகத்தில் அவளே மாட்டிவிட்டாள், ஒரு பக்க ரப்பரை அவள் போட்டாள், மறுபக்கத்து ரப்பரை மாமாவிடம் நீட்டினாள், அதை அவர் போட்டார்.

அன்றிலிருந்து கண்மாயைச் சுற்றினோம். விடிந்ததும் கரையேறுவோம், நான் முன்னால், மாமா பின்னால், நேராகப் பார்த்து, வேகமும் இல்லாமல் நிற்கவும் செய்யாமல். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். வளைவு வந்தால் நூல் நூலாக முகத்தைத் திருப்புவேன். ஊர் இதற்கும் பழகியது. பேச்சியக்கா பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு, பதினோராம் நாள் கரையில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். துவைக்கிற பெண்கள், "எங்களுக்கும் சேத்து ரெண்டு சுத்து சுத்துங்க" என்று கத்தினார்கள். மேய்க்கிறவர்கள் ஆடுகளை ஒதுக்கினார்கள். நாங்கள் போகிற நேரத்தை வைத்து உலையேற்றினார்கள்.

எனக்குப் பயமெல்லாம் முதுகில் இருந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை, "மாமா, இருக்கீங்களா?" என்று கேட்பேன். "இருக்கேன் கழுதை" என்பார். காற்று அடித்தால் கேட்பேன், தண்ணீரில் எதுவோ விழுந்த சத்தம் வந்தால் கேட்பேன். அவர் வாய் ஓயாது பேசிக்கொண்டே வருவார். தண்ணீரில் கொக்கு நிற்கிறது, அந்தப் பனைமரம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது, வானம் மூட்டமாக இருக்கிறது, இப்படி. நன்றாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறார், அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்துத்தான் என் கால் அடுத்த அடி வைத்தது.

பல் முனையோடு முனை வந்தது. டாக்டரம்மா அளந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம்தான், மேல்பல் தாண்டி வந்து உக்காந்துட்டா அப்புறம் அதுவே பிடிச்சுக்கும்" என்றார்.

அந்த வாரம் ஒரு நாள் எப்போதும்போல மடைக்கல்லில் ஏறினோம். மடை என்பது கண்மாயிலிருந்து தண்ணீர் வெளியே போகிற வழி, அதன் மேல் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு நீளக் கல் பாவியிருக்கும், அடியில் தண்ணீர் சுழிக்கும். பாதிக் கல்லில் என் வலது பக்க ரப்பர் பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. வலியில் திரும்பிவிட்டேன். இத்தனை நாளில் முதல் தடவையாக, இடது பக்க ரப்பர் முகத்தில் இருக்கும்போதே திரும்பிவிட்டேன்.

மாமா பின்னால் சரிந்தார். ஒரு குதிகால் கல்லுக்கு வெளியே போய் அந்தரத்தில் நின்றது. நான் விரலை விட்டு இடது ரப்பரைப் பிடுங்கினேன். சரிவு நின்றது. அந்தரத்தில் இருந்த பாதம் தடவித் தடவிக் கல்லைக் கண்டுபிடித்தது.

அவர் கண் மூடியிருந்தது. சிமிட்டலில் மூடினது இல்லை, இறுக்கி, நெற்றி சுருங்க, குழந்தைகள் ஊசி போடும்போது மூடுமே அப்படி. ஒரு கை முன்னால் நீண்டு என் ஜடைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. "இங்கன வழி கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கு, என்னடி?" என்றார். அப்புறம், "கொக்கைப் பாத்தியா, எத்தனை!" என்றார். தண்ணீரில் கொக்கே இல்லை. அந்தப் பக்கம் பனைமரமும் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை, நேராக மட்டும் பார்த்து நடந்ததில் நான் அதைக் கவனிக்கவில்லை. இத்தனை நாளும் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் எனக்காகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

கம்பியைக் கழற்றித் தண்ணீரில் வீசிவிடலாம். இரண்டு பேரும் நிதானமாக வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். நாக்கால் தொட்டுப் பார்த்தேன், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றன் மேல் ஒன்று நின்றுகொண்டிருந்தன, எந்தப் பக்கமும் விழலாம் என்பது போல. மாமா கையை நீட்டியபடியே நின்றார். திரும்பிப் போகவில்லை. கண்ணையும் திறக்கவில்லை.

நான் பார்த்ததைச் சொல்லவில்லை. முன்னால் திரும்பினேன். பையிலிருந்து யானைப் படம் போட்ட பாக்கெட்டைக் கிழித்து, புது ரப்பர் இரண்டையும் மாட்டினேன். முதுகுக்குப் பின்னால் அவர் செருப்பு கல்லில் உரசி நகர்ந்தது.

"மாமா."

"ம்."

"மடைக்கல்லு மேல நிக்கிறோம். ஒரு ஆள் அகலம்தான். வலதுகாலை நேரா முன்னாடி வைங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்ல, நேரா மட்டும் வைங்க."

 அப்புறம் செருப்பு ஒரு அடி வந்தது. "ம்" என்றார், இந்தத் தடவை மெதுவாக. கொக்கைப் பற்றிப் பேசவில்லை.

"இப்ப இடதுகால். கல்லு கொஞ்சம் ஈரமா இருக்கு. இன்னும் ஒரு கல்லுதான். அதுக்கப்புறம் மண்ணு. மண்ணுல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு, வந்ததும் சொல்றேன்."